யூதர் என்று யாரைச் சொல்வது? வம்சம், மதம், தன்னறிவிப்பு ஆகியவற்றின் எல்லைகள்

இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் எட்டாண்டு இடைவெளியில் இரண்டு வழக்குகளைத் தீர்த்தது. 1962இல் தீர்ப்பான முதல் வழக்கைத் தொடுத்தவர் சகோதரர் டேனியல் என்னும் கார்மேல் சபைத் துறவி. இயற்பெயர் ஆஸ்வால்ட் ருஃபைசன். போலந்தில் யூதப் பெற்றோருக்குப் பிறந்து, இளமையில் சியோனிச இளைஞர் இயக்கத்தில் இருந்தவர். நாஜி ஆக்கிரமிப்பின்போது பிறப்பை மறைத்துக்கொண்டு, மீர் என்ற சிற்றூரில் ஜெர்மன் காவல்துறைக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். அங்கே அடைபட்டுக் கிடந்த யூதர்களைக் கொல்லக் குறித்திருந்த நாளை அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்தார். 1942 ஆகஸ்டில் ஏறத்தாழ முந்நூறு பேர் காட்டுக்குள் தப்பினார்கள். அதன்பின் அவரே பிடிபட்டு, தப்பி, கன்னிமாடம் ஒன்றில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கரானார். பின்னர் இஸ்ரேலுக்கு வந்து, யூதர்களுக்கான திரும்பும் உரிமைச் சட்டத்தின் கீழ் குடியுரிமை கேட்டார். யூதத் தாய்க்குப் பிறந்தவர் என்பதால் மதச்சட்டப்படி அவர் யூதர். நீதிமன்றமோ நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் இல்லை என்றது. 1970 தொடக்கத்தில் தீர்ப்பான இரண்டாவது வழக்கு, பெஞ்சமின் ஷாலிட் என்ற கடற்படை அதிகாரியுடையது. அவர் யூதர், மனைவி ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர், யூதரல்லர், இருவருக்கும் மத நம்பிக்கை கிடையாது. குடிமக்கள் பதிவேட்டில் தங்கள் பிள்ளைகளின் மதத்தை வெறுமையாக விட்டு, தேசிய இனம் என்ற இடத்தில் யூதர் என்று எழுதச் சொன்னார்கள். மதச்சட்டப்படி அந்தப் பிள்ளைகள் யூதர் அல்லர். நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அப்படியே எழுதச் சொன்னது.

ஆக, மதச்சட்டம் யூதர் என்றவரை அரசு மறுத்தது. மதச்சட்டம் மறுத்தவர்களை அரசு யூதர் என்று பதிந்தது. சில வாரங்களுக்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது யூத மதம் தழுவியவர், வேறு மதத்தைச் சேராதவர், அவரே யூதர் என்பது 1970ஆம் ஆண்டுத் திருத்தம். ஷாலிட்டின் மூன்றாவது குழந்தை இதற்குப் பிறகு பிறந்தது. அதே தாய், அதே தந்தை, அதே வீடு. அந்தக் குழந்தையை யூதர் என்று பதிய மறுத்துவிட்டார்கள்.

யூத அடையாளம் எதில் நிற்கிறது என்ற கேள்விக்கு வழக்கமாக மூன்று பதில்கள் வரும். வம்சம் என்பார் ஒருவர், மதம் என்பார் இன்னொருவர், தன்னை யூதராக உணர்பவர் யூதர் என்பார் மூன்றாமவர். மூன்றுக்கும் சான்று உண்டு. ஆனால் எந்த ஒன்றையும் தனியே எடுத்துக்கொண்டு வரலாற்றின் ஊடே நடந்தால் பாதி வழியில் அது கைவிட்டுவிடுகிறது. யூதர் என்போர் ஒரு மக்கள். அந்த மக்களுக்குள் யார் பிறக்கிறார், யார் நுழைகிறார் என்பதை வகுப்பது அவர்களுடைய மதச்சட்டம். அந்த உறவை நடப்பில் காப்பது, ஒருவர் உரிமை கோருவதும் ஒரு சமூகம் அவரை ஏற்பதுமாகிய இருபக்கச் செயல். வம்சமும் மதமும் தன்னறிவிப்பும் அந்த ஏற்புக்கான சான்றுகள். ஏற்பின் இடத்தில் அவற்றுள் ஒன்றை உட்காரவைக்கும்போதுதான் அநீதி தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வம்சத்திலிருந்து தொடங்குவோம், ஏனெனில் மூன்றில் மிக உறுதியாகத் தோன்றுவது அதுதான். எபிரேய வேதாகமத்தில் வம்சம் தந்தை வழியே எண்ணப்படுகிறது. யோசேப்பு எகிப்தியப் பூசாரியின் மகளை மணந்தார். மோசே மீதியான் நாட்டுச் சிப்போராளை மணந்தார். அவர்களுடைய பிள்ளைகள் இஸ்ரவேலர் ஆவார்களா என்று அந்த நூல்களில் யாரும் கேட்கவில்லை. பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து திரும்பியவர்களிடையே எஸ்ரா அந்நியப் பெண்களையும் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளையும் விலக்கச் சொன்னது உண்மை. ஆனால் அது அந்தப் பெண்களை அகற்றிய நடவடிக்கை, தாய் வழியே எல்லோருக்கும் பொருந்தும் விதி அன்று. தாய் யூதரானால் பிள்ளை யூதர், தாய் யூதரல்லர் என்றால் பிள்ளை யூதரல்லர் என்ற விதி தெளிவாக வருவது, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பில்தான். வரலாற்றாய்வாளர் ஷே கோஹன் இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்ந்து, அது யூத மத அறிஞர்களான ரப்பிகள் காலத்துப் புதுமை என்று காட்டியிருக்கிறார். முறையான மணம் இல்லாத இடத்தில் பிள்ளை தாயின் நிலையைப் பெறும் என்ற ரோமானியச் சட்டக் கருத்தின் தாக்கம் அதில் இருக்கலாம் என்பது அவர் எடுத்து ஆராயும் விளக்கங்களில் ஒன்று. ரப்பிகளின் மரபை ஏற்காத கராயர்கள் இன்றளவும் தந்தை வழியையே கொள்கிறார்கள். 1983இல் அமெரிக்கச் சீர்திருத்த யூத ரப்பிகள், பெற்றோரில் யாரேனும் ஒருவர் யூதராக இருந்து பிள்ளையும் யூத வாழ்வை வெளிப்படையாக மேற்கொண்டால் போதும் என்று தீர்மானித்தார்கள். எந்த வம்சம் கணக்கில் வரும், எது வராது என்பதை இரத்தம் சொல்வதில்லை, சட்டம் சொல்கிறது. தாய்வழியில் எட்டுத் தலைமுறைக்கு முந்திய ஒரே ஒரு யூதப் பெண், இடையில் யாரும் யூதராக வாழாவிட்டாலும், இன்று பிறக்கும் குழந்தையை யூதராக்க முடியும். தந்தையும் தந்தையின் பெற்றோரும் தாயின் தந்தையும் யூதராக இருந்தும், தாயின் தாய் மட்டும் யூதராக இல்லாத குழந்தை ஆர்த்தடாக்ஸ், அதாவது மரபுவழி, சட்டத்தின் முன் அந்நியம்.

இதைவிடப் பெரிய சிக்கல், வம்சத்துக்கு வெளியிலிருந்து வருவோரை யூத மரபு ஏற்பதுதான். தாவீது அரசரின் பூட்டி ரூத் மோவாபியப் பெண். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் யூதேயாவை ஆண்ட ஜான் ஹிர்கானஸ் அண்டை நாட்டு இதுமேயரை வென்று யூத மதத்துக்கு மாறச் செய்தார்; அந்த இதுமேயர் வழியில் வந்த ஏரோது பிற்பாடு யூதேயாவின் அரசரானார். மதம் தழுவுபவர் மூன்று பேர் அடங்கிய நீதிமன்றத்தின் முன் சட்டங்களை ஏற்று, ஆணாக இருந்தால் விருத்தசேதனமும் செய்துகொண்டு, மிக்வே என்னும் சடங்குக் குளத்து நீரில் முழுகி எழுகிறார். அதன்பின் அவருக்கு ஆபிரகாமின் மகன் அல்லது மகள் என்று பெயர் எழுதப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒபதியா என்ற மதம் தழுவியவர் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிசுக்குக் கடிதம் எழுதினார்: எங்கள் பிதாக்களின் தேவன் என்று வரும் ஜெபத்தை நானும் சொல்லலாமா என்று. ஆபிரகாம் வழியில் வருகிற எவருக்கும் ஆபிரகாமே தந்தை, ஆகவே ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லலாம் என்பது மைமோனிடிசின் பதில். அதே நூற்றாண்டைச் சேர்ந்த கவிஞர் யூதா ஹலேவி இதற்கு மாறாக, மதம் தழுவியவர் பிறப்பால் யூதரானவருக்கு முழுச் சமமாக மாட்டார் என்று எழுதினார். ஹலேவியின் கருத்து சிந்தனை வரலாற்றில் நிலைத்தது. சட்டத்தில் வென்றது மைமோனிடிசின் பக்கம். தத்து எடுத்த பிள்ளைக்கு வம்சப் பெயரும் சொத்துரிமையும் சடங்கு வழியே வந்துசேர்வதைப் போல, இங்கே வம்சமே சடங்கு வழியே வருகிறது. அப்படி வரக்கூடியதை இரத்தம் என்று சொல்ல இடமில்லை.

மரபணு ஆய்வுகள் இந்தக் கேள்வியைத் தீர்த்துவிட்டன என்று எண்ணுவோர் பலர். அவை சொல்வது என்ன என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 2010இல் வெளியான பெரிய ஆய்வுகள், உலகெங்கும் சிதறிய பல யூதச் சமூகங்களுக்கிடையே மத்திய கிழக்கைச் சேர்ந்த பொது மூதாதையர் இருப்பதையும், அந்தந்த நாட்டு மக்களோடு கலப்பு நடந்திருப்பதையும் ஒருசேரக் காட்டின. யூதர் என்போர் முழுக்க முழுக்கப் பிற்காலத்தில் மதம் மாறியவர்களின் வழித்தோன்றல்கள் என்ற வாதத்தை இது பலவீனப்படுத்துகிறது. கலப்பில்லாத இனம் என்ற வாதத்தையும் அதே அளவுக்குப் பலவீனப்படுத்துகிறது. ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர்களின் தாய்வழி மரபில் பெரும்பகுதி ஐரோப்பியப் பெண்களிடமிருந்து வந்தது என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு வாதிட்டது. அது சரியென்றால், தாய்வழியைக் கொள்ளும் சட்டம் பெரும்பாலான அஷ்கெனாசிகளை யூதராக்குவது, தொடக்கத்தில் எங்கோ ஒரு பெண் மதம் தழுவினாள் என்பதால்தான். மறுபக்கம், தென் ஆப்பிரிக்கப் பகுதியில் வாழும் லெம்பா மக்களின் ஆண்வழி மரபணுவில், யூத ஆசாரியக் குடும்பங்களில் அடிக்கடி காணப்படும் அடையாளம் குறிப்பிடத்தக்க அளவில், அதிலும் அவர்களுடைய ஒரு குலத்தில் மிக அதிகமாக, இருப்பது கண்டறியப்பட்டது. அதனால் ரப்பிகளின் நீதிமன்றங்கள் அவர்களைப் பிறப்பால் யூதர் என்று ஏற்றுவிடவில்லை. மரபணு, ஒரு மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லும்; யார் அந்த மக்களைச் சேர்ந்தவர் என்று சொல்லாது.

வம்சத்தை இரத்தமாக மட்டும் பார்த்தவர்கள் பெரும்பாலும் யூதர்களின் எதிரிகள்தான். 1449இல் டொலேடோ நகரம், கிறிஸ்தவராக மாறிய யூதர்களும் அவர்களின் சந்ததியும் பதவிகள் வகிக்கக் கூடாது என்று இரத்தத் தூய்மை விதியை இயற்றியது. 1935இல் நாஜிகளின் நியூரம்பர்க் சட்டங்கள் மூன்று அல்லது நான்கு யூதத் தாத்தா பாட்டிகளைக் கொண்டவரை யூதர் என்றன. அந்தத் தாத்தா பாட்டி யூதரா என்பதை எப்படி அறிவது? அவர்கள் யூத மதச் சமூகத்தைச் சேர்ந்திருந்தார்களா என்பதைக் கொண்டுதான். இரத்தத்தை அளக்கக் கருவி இல்லாததால், இனவெறிச் சட்டம் கடைசியில் மதப் பதிவேட்டையே புரட்டியது. யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கக் கன்னித்துறவியாகிவிட்ட தத்துவவாதி ஈடித் ஸ்டெயின் 1942இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டது இந்தக் கணக்கின்படிதான். கிழக்கு ஐரோப்பாவின் கராயர்கள் இனத்தால் யூதரா என்று நாஜிகள் விசாரித்தபோது, யூத அறிஞர்களிடமும் கருத்துக் கேட்டார்கள். அந்த மக்களைக் காப்பாற்றுவதற்காக, அவர்கள் யூத வம்சத்தினர் அல்லர் என்றே அந்த அறிஞர்கள் எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் கராயர்கள் பிழைத்தார்கள். எழுதிக்கொடுத்தவர்களின் சமூகம் அழிந்தது. வரையறையின் பெயரால் நடந்தவற்றில் இதைவிடக் கொடிய பக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அப்படியானால் மதமே அடிப்படை என்று சொல்லிவிடலாமா? நவீன ஐரோப்பா யூதர்களிடம் எதிர்பார்த்தது இதைத்தான். 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில் கிளெர்மோன் தொன்னேர், யூதர்களுக்குத் தனிமனிதராக எல்லா உரிமையும் தரலாம், தனித் தேசமாக எதையும் தரக் கூடாது என்ற கருத்தை முன்வைத்தார். 1791இல் குடியுரிமை வந்தது. 1806இல் நெப்போலியன் யூதப் பிரமுகர்களைக் கூட்டி, உங்களுக்குப் பிரெஞ்சுக்காரர் சகோதரரா அந்நியரா என்ற தொனியில் கேள்விகளை அடுக்கினார். சகோதரர் என்று அவர்கள் பதில் சொன்னார்கள். இப்படித்தான், மோசேயின் மதத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் என்ற புது உருவம் பிறந்தது. இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய பொருத்தமின்மை உண்டு. நம்பிக்கையை அளவுகோலாகக் கொள்வது கிறிஸ்தவப் பழக்கம். யூத மதச்சட்டமோ, நம்பிக்கையை இழந்தவரையும், வேறு மதத்துக்குப் போனவரையும்கூட வெளியே தள்ளுவதில்லை. பாவியானாலும் அவர் இஸ்ரவேலரே என்பது தல்மூத் என்னும் சட்ட விவாத நூலின் வழிவந்த நிலைப்பாடு. 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் தத்துவவாதி ஸ்பினோசாவை விலக்கிவைத்தது; அவரோடு பேசக் கூடாது என்றது; அவர் யூதர் இல்லை என்று சொல்லவில்லை. மதத்தின் சட்டமே மதப்பற்றைக் கட்டாயமாக்காதபோது, மதமே அடிப்படை என்று எப்படிச் சொல்வது?

இந்த மோதலை மிக அருகிலிருந்து காட்டுவது லண்டனில் நடந்த ஒரு வழக்கு. ஜே.எஃப்.எஸ். என்ற புகழ்பெற்ற யூதப் பள்ளியில் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம். தலைமை ரப்பியின் அலுவலகம் யூதர் என்று ஏற்ற மாணவர்களுக்கே அப்போது முன்னுரிமை இருந்தது. ஒரு சிறுவனின் தந்தை யூதர். இத்தாலியக் கத்தோலிக்கராகப் பிறந்த தாய், ஆர்த்தடாக்ஸ் அல்லாத ஜெப ஆலயம் ஒன்றின் வழியே யூத மதம் தழுவியவர். சிறுவன் ஜெப ஆலயத்துக்குப் போகிறான், ஜெபம் செய்கிறான். ஆனால் தாயின் மதமாற்றத்தை ஆர்த்தடாக்ஸ் அமைப்பு ஏற்காததால் இடம் மறுக்கப்பட்டது. அதே பள்ளியில், கடவுளையே நம்பாத குடும்பத்துப் பிள்ளைகள், தாய்வழி யூதர் என்பதால் படித்தார்கள். 2009 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், தாய்வழிச் சோதனை என்பது இனத் தோற்றத்தை அடிப்படையாகக் கொண்ட பாகுபாடு, ஆகவே இனவுறவுச் சட்டத்தை மீறுகிறது என்றது. பள்ளிக்கு இனவெறி இருந்ததாக எந்த நீதிபதியும் சொல்லவில்லை; சிறுபான்மை நீதிபதிகள் இது மதச் சோதனையே என்றார்கள். தீர்ப்புக்குப் பிறகு யூதப் பள்ளிகள் ஜெப ஆலய வருகையைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கேட்கத் தொடங்கின. அந்தச் சிறுவனுக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தீர்ப்பு அந்த அநியாயத்தை நீக்கிய விதம், யூத மதம் எப்படி இயங்க வேண்டும் என்பதை ஞாயிறு ஆராதனைக்குப் போகும் பழக்கத்தின் அச்சில் வார்த்துவிட்டது. சரியான தீர்வு, தாயின் மதமாற்றத்தை மதிப்பதில் இருந்தது. அதைச் செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. அதிகாரம் இருந்தவர்கள் செய்யவில்லை.

இனி மூன்றாவது பதில். இன்றைய யூதர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2013இல் கேட்டபோது, யூதராக இருப்பது முதன்மையாக வம்சமும் பண்பாடும் சார்ந்தது என்றவர்கள் 62 சதவீதம். முதன்மையாக மதம் என்றவர்கள் 15 சதவீதம். 2020 ஆய்வில், அமெரிக்க யூதர்களில் 27 சதவீதம் பேர் தங்களுக்கு மதம் இல்லை என்றார்கள். 2011இல் எழுத்தாளர் யோராம் கனியுக், தன் பதிவில் மதம் இல்லை என்று எழுதும்படி டெல் அவிவ் நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். தேசிய இனத்தால் யூதராகவே இருந்தார். பாரிஸ் பேராயராக இருந்த கர்தினால் லுஸ்திஜே, ஆஷ்விட்சில் தாயைப் பறிகொடுத்தவர், பதின்வயதில் கத்தோலிக்கரானவர். கடைசிவரை தன்னை யூதர் என்றே சொன்னார். 2007இல் அவருடைய இறுதிச்சடங்கின்போது நோத்ர தாம் பேராலயத்தின் முன் கத்தீஷ் என்னும் யூத இரங்கல் ஜெபம் ஓதப்பட்டது. தன்னறிவிப்பின் வலிமையை இத்தகைய வாழ்க்கைகள் காட்டுகின்றன. ஆனால் லுஸ்திஜேயும் கனியுக்கும் யூதராகப் பிறந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. எந்தத் தொடர்பும் இல்லாதவர் அறிவித்தால் போதுமா? 1958இல் இஸ்ரேலின் உள்துறை அமைச்சகம், நல்லெண்ணத்தோடு தன்னை யூதர் என்று அறிவிப்பவரை யூதர் என்று பதியலாம் என்று உத்தரவிட்டது. இதை எதிர்த்து மதக் கட்சி அரசிலிருந்து வெளியேறியது. பிரதமர் பென் குரியோன் உலகெங்கும் ஏறத்தாழ ஐம்பது யூத அறிஞர்களுக்குக் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்டார். பெரும்பான்மையோர் மதச்சட்டத்தின் பக்கமே நின்றார்கள். இயேசுவை மேசியா என்று ஏற்றுத் தங்களை யூதர் என்போர் திரும்பும் உரிமை கோரியபோது, 1989இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அறிவிப்பு ஒரு பக்கத்துக் கைதான். மறுபக்கத்திலிருந்து ஒரு கை நீளாவிட்டால் உறவு உண்டாகாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஏற்பை அடிப்படை என்றால், கதவைக் காப்பவர்களுக்கே எல்லா அதிகாரத்தையும் கொடுத்ததாகாதா? ஆகும், அவர்கள் பொறுப்பற்றவர்களாக இருந்தால். இதற்கு நம் அண்டை மண்ணில், கொச்சியில், நல்ல சான்று இருக்கிறது. கி.பி. 1000ஐ ஒட்டி, சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன், வட்டெழுத்தில் பொறித்த செப்பேட்டின் வழியே ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையையும் 72 விடுபேறுகளையும் அளித்தார். அந்த உரிமை அவருடைய ஆண் மக்களுக்கும் பெண் மக்களுக்கும் மருமக்களுக்கும் செல்லும் என்று செப்பேடு சொல்கிறது. பின்னாளில் ஸ்பெயினிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த யூதர்கள் பரதேசிகள் எனப்பட்டார்கள். 1568இல் மட்டாஞ்சேரியில் அவர்களுடைய ஜெப ஆலயம் எழுந்தது. செப்பேடு அங்கேதான் வந்துசேர்ந்தது. பல நூற்றாண்டுகள் முன்பே வேரூன்றியிருந்த மலபார் யூதர்களை, வந்தவர்கள் கறுப்பு யூதர்கள் என்று தாழ்த்தி, மண உறவை மறுத்தார்கள். அடிமை வம்சம், முறையாக மதம் தழுவாதவர்கள் என்பது காரணம். பதினாறாம் நூற்றாண்டில் கெய்ரோவிலிருந்த மாபெரும் சட்ட அறிஞர் தாவீது இப்னு ஸிம்ராவிடம் இவ்வழக்கு போனது. ஐயத்தை நீக்க மிக்வே முழுக்கு போதும், பிறகு அவர்களோடு மணஉறவு கொள்ளலாம் என்பது அவர் தீர்ப்பு. பரதேசிகள் அதை நடைமுறைப்படுத்தவில்லை. அவர்களுடைய அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றோரின் சந்ததியோ, அதே ஜெப ஆலயத்தில் உள்ளே உட்காரவும் தோரா என்னும் வேதச் சுருளை வாசிக்கவும் முடியாமல் வாசற்பக்கம் ஒதுக்கப்பட்டார்கள். சென்னையில் சட்டம் படித்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் அந்தப் பிரிவில் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டில் அவர் காந்திய வழியில் ஜெப ஆலயத்துக்குள் சத்தியாகிரகம் நடத்த, தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. மதத்தின் சட்டம் திறந்திருந்த கதவைச் சாதிப் பழக்கம் அடைத்துவைத்தது என்பதே கொச்சியின் கதை. சேலம் போராடியது புது விதிக்காக அன்று. இருந்த விதியை மதிக்கச் சொல்லி.

கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரேல் சமூகத்துக்கும் இதே சோதனை வந்தது. சனிக்கிழமை செக்கை நிறுத்தும் எண்ணெய் ஆட்டுவோர், அதாவது சனிவார் தேலி, என்று அண்டை அயலார் அவர்களை அழைத்துவந்தார்கள். இஸ்ரேலில் குடியேறிய பிறகு, 1962இல், அவர்களை மணப்போர் தாய்வழி மூதாதையரை ஆராய வேண்டும் என்று தலைமை ரப்பியகம் வழிகாட்டுதல் அனுப்பியது. அவர்கள் எருசலேமில் போராடினார்கள். 1964இல் அரசும் நாடாளுமன்றமும் அவர்களை எல்லா வகையிலும் முழு யூதர் என்று அறிவித்தன, வழிகாட்டுதல் மாற்றப்பட்டது. எத்தியோப்பிய யூதர்களை 1973இல் ரப்பி ஒவாதியா யோசெப் தாண் கோத்திரத்தார் என்று ஏற்றார். ஆயினும் 1980களில் வந்திறங்கியவர்களிடம் மறுபடி முழுகச் சொன்னதை எதிர்த்து அவர்கள் ரப்பியகத்தின் முன் மறியல் செய்தார்கள். மணிப்பூர், மிசோரத்தைச் சேர்ந்த பெனே மெனாஷேயரை 2005இல் தலைமை ரப்பி ஷ்லோமோ அமார் இஸ்ரவேலின் சந்ததி என்று ஏற்றார். முறைப்படி மதம் தழுவ வேண்டும் என்றும் சொன்னார். அவர்கள் அந்த வழியே யூதரானார்கள். ஆந்திராவின் குண்டூர் பகுதியில் பெனே எப்ராயீம் என்ற சிறு தெலுங்குச் சமூகம் தன்னை யூதர் என்று சொல்லி ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கிறது. அவர்களுக்கு இஸ்ரேலின் ஏற்பு இன்னும் வரவில்லை. ஏற்பு என்பது ஒருமுறை முத்திரையிட்டுப் பெட்டியில் பூட்டும் ஆவணம் அன்று. கேட்கவும் வாதிடவும் திருத்தவும் கூடியது. கதவைக் காப்பவர்கள் தங்கள் சட்டத்துக்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதால்தான் போராடியவர்கள் வென்றார்கள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இஸ்ரேலில் இந்த வரையறை வெறும் சமூக அடையாளமாக நிற்பதில்லை. குடியுரிமையின் சாவி அதுதான். மூதாதையர் பல நூற்றாண்டுகளாக வேறு நாட்டில் வாழ்ந்தவர் ஒருவர், யூதர் என்பதால் வந்து குடியேறலாம். 1948இல் அதே மண்ணிலிருந்து வெளியேறிய பாலஸ்தீனர் திரும்ப முடியாது. யூதர் யார் என்று நுணுக்கமாக வாதிடும் பலரும் இதைப் பற்றிப் பேசாமல் நகர்ந்துவிடுகிறார்கள். அடைக்கலம் தேடும் யூதருக்கு ஒரு நாடு வேண்டும் என்பதன் நியாயம், 1930களில் பல நாடுகளின் எல்லைகள் அடைபட்டதை அறிந்த யாருக்கும் புரியும். அந்த நியாயம் இன்னொரு மக்களின் வீட்டுரிமையை இல்லாமல் செய்துவிடாது. ஒரு மக்களுக்குள் யார் சேர்ந்தவர் என்ற கேள்வியையும், ஒரு நிலத்தில் யாருக்கு உரிமை என்ற கேள்வியையும் ஒன்றாகக் கட்டியதால் இரண்டுமே கெட்டிருக்கின்றன.

இந்தக் கட்டின் விலையை யூதருக்குள்ளேயே அதிகம் கொடுப்பவர்கள் முன்னாள் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்தவர்கள். சோவியத் உள்நாட்டுக் கடவுச்சீட்டின் ஒரு வரியில் தேசிய இனம் எழுதப்பட்டது. தந்தை யூதர் என்பதாலேயே அந்த வரியையோ, அது இல்லாவிட்டாலும் யூதக் குடும்பப்பெயரையோ சுமந்து, கல்லூரியிலும் வேலையிலும் அடிபட்டவர்கள் ஏராளம். 1970 திருத்தம் யூதரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவர்களின் துணைகளுக்கும் குடியேறும் உரிமையை அளித்தது. நியூரம்பர்க் சட்டம் யாரைத் துரத்தியதோ அவருக்கு அடைக்கலம் என்ற எண்ணத்தைப் பலர் அதில் காண்கிறார்கள். 1989க்குப் பிறகு ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் சில லட்சம் பேர் மதச்சட்டப்படி யூதர் அல்லர். அவர்கள் எபிரேயம் பேசுகிறார்கள், இராணுவத்தில் பணி செய்கிறார்கள், பிள்ளைகளை அதே பள்ளிகளில் படிக்க வைக்கிறார்கள். அங்கே யூதர் என்று அடித்தார்கள், இங்கே யூதரல்லர் என்று ஒதுக்குகிறார்கள். யூதர்களின் திருமணத்தை ரப்பிகளின் நீதிமன்றத்திடம் ஒப்படைத்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருப்பதால், இவர்கள் தாங்கள் விரும்பும் யூதரை இஸ்ரேலுக்குள் மணக்க முடியாது. பலர் சைப்ரஸுக்குப் பறந்து பதிவு செய்துகொண்டு வருகிறார்கள்.

இதற்குத் தீர்வு ரப்பிகளின் சட்டத்தை அரசு மாற்றி எழுதுவதன்று. ஒரு மதச் சமூகம் தன் ஜெப ஆலயத்தில் யாருக்கு மணமுடித்து வைக்கும், யாரைத் தோரா வாசிக்க அழைக்கும் என்பதை அதன் சட்டமே தீர்மானிக்கட்டும். அதற்குள் நடக்கும் அநீதியை ஏ.பி. சேலம் போன்றவர்கள் உள்ளிருந்து எதிர்க்கட்டும். ஆர்த்தடாக்ஸ், சீர்திருத்தம், கன்சர்வேடிவ் என்று பல சமூகங்கள் பலவகையாக ஏற்கட்டும். 2021 மார்ச்சில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம், நாட்டுக்குள் நடந்த சீர்திருத்த, கன்சர்வேடிவ் மதமாற்றங்களையும் குடியுரிமைக்கு ஏற்றது அந்தத் திசையில் ஒரு நல்ல அடி. அரசின் கையில் இருக்க வேண்டியவை அடைக்கலமும் சமக் குடியுரிமையும் திருமணப் பதிவும் மட்டுமே. யாருடைய தாயின் தாய் யார் என்று கேளாமல் ஆணையும் பெண்ணையும் பதிவு செய்யும் பொதுத் திருமணச் சட்டத்தை இஸ்ரேல் இயற்ற வேண்டும். அப்படி ஒரு சட்டம் அங்கே இன்றுவரை இல்லை.